நேராக்கிய எண்ணூறு வரிகள்

தம்பி என்று எழுதியிருந்தாள். வினாத்தாள்களை வரிசை வரிசையாகக் கொடுத்துக்கொண்டு போன சிவசைலத்துக்கு முன்னால் அந்தச் சொல்தான் போய்க்கொண்டிருந்தது. முன்பாதி வழுக்கையும் பின்பாதி நரையுமாக, இடது முழங்காலில் பட்டை போட்டுக்கொண்டு இரண்டு மாடி ஏறி வந்திருக்கும் ஐம்பத்து மூன்று வயது ஆளைப் பார்த்துத் தம்பி. பார்த்து என்று சொல்வதும் தப்பு. அவள் பார்த்தது ஒரு பெயரை மட்டும், அதுவும் அவருடைய பெயரை இல்லை, சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து இணையத்தில் கணக்கு தொடங்கியபோது எதிரே இருந்த ஊறுகாய் ஜாடியைப் பார்த்து அவர் வைத்துக்கொண்ட மாவடு என்ற பெயரை. மாவடு என்று பேர் வைத்துக்கொண்டு வந்து நிற்பவனைத் தம்பி என்று கூப்பிடாமல் வேறு எப்படிக் கூப்பிடுவாள். மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் அவள் இடம் வந்தது. பிரிசில்லா, மூன்றாம் ஆண்டு, கம்ப்யூட்டர் சயின்ஸ். அவருடைய துறை, அவருடைய பாடம், மாடல் எக்ஸாமுக்கு அவரே தயாரித்த வினாத்தாள். பாதி எழுந்து இரண்டு கையாலும் வாங்கினாள். குட் மார்னிங் சார் என்றாள். ம் என்றார். நேற்று ராத்திரி தன் வேலையில் இருந்த தப்பைக் காட்டி எழுதிய கை அதுதான் என்று அவருக்குத் தெரியும். திருத்தம் வாங்கியவன் இவன்தான் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாது என்பது அடுத்த பெஞ்சுக்குப் போகும்வரை ஆறுதலாக இருந்தது, அதற்கு அடுத்த பெஞ்சில் அதுவே கேவலமாக இருந்தது. கடைசி வரிசை முடிந்து திரும்பியபோது கை தானாகச் சட்டைப் பையைத் தடவியது. செல்போன் இல்லை. ஹால் சூப்பர்விஷன் போகிறவர்கள் போனை ஆபீசில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது பிரின்சிபால் போட்ட சட்டம். மூன்று மணி நேரம். மூன்று மணி நேரத்துக்கு அந்தத் தம்பிக்குப் பதில் சொல்ல வழியில்லை, வழியில்லை என்பது ஒரு நல்ல சாக்கு, சாக்கு என்று தெரிந்துகொண்டே அதைப் பிடித்துக்கொண்டார்.

அவள் எழுத ஆரம்பித்துவிட்டாள். மற்றவர்கள் வினாத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, பேனாவை உதறிக்கொண்டு, ஓரத்தில் பிள்ளையார் சுழியோ சிலுவையோ போட்டுக்கொண்டு இருக்கும்போதே. இந்த வேகம் அவருக்குப் புதிது இல்லை, இரண்டு வருஷமாகப் பார்ப்பதுதான், அப்போதெல்லாம் அது கெட்டிக்காரப் பிள்ளையின் வேகம், பெருமையாகக்கூட இருந்தது. எப்போதிலிருந்து அது தனக்கு எதிரான ஒன்றாக மாறியது. பேப்பரில் வந்ததிலிருந்தா? கண் தெரியாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் திரையில் இருப்பதைத் தமிழில் வாசித்துக் காட்டும் ஒரு கட்டற்ற மென்பொருள் இருக்கிறது, யாருக்கும் சொந்தம் இல்லை, யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்துக் குறையைச் சரிசெய்து அனுப்பலாம், நன்றாக இருந்தால் சேர்த்துக்கொள்வார்கள். திருச்சியிலும் யாழ்ப்பாணத்திலும் டொரான்டோவிலும் உட்கார்ந்துகொண்டு ஒருவரை ஒருவர் பார்க்காமலே பத்துப் பதினைந்து பேர் அதைப் பார்த்துக்கொள்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு மாணவி என்று படத்தோடு போட்டிருந்தார்கள். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்ற கேள்விக்கு, யாரும் இல்லை, நானாகவே கற்றுக்கொண்டேன் என்று சொல்லியிருந்தாள். உண்மைதான். அந்த உண்மையை அவர் நான்கு தரம் படித்தார். மறுநாள் கூட்டத்தில் பிரின்சிபால் மைக்கில், நம்ம சிவசைலம் சார் ஸ்டூடன்ட் என்று சொன்னதும் கைதட்டல் எழுந்தது, தனக்கோ என்று நினைத்து அவர் பாதி எழுந்துவிட்டார். அவள் மேடை ஏறிக்கொண்டிருந்தாள். பாதி எழுந்த மனுஷன் என்ன செய்வது, முழுக்க எழுந்து தானும் கைதட்டினார். பக்கத்து நாற்காலிக்காரர்கள் என்ன பெரிய மனசு என்று நினைத்திருப்பார்கள். அந்தக் கைதட்டலின் எரிச்சல் உள்ளங்கையில் இன்னும் இருக்கிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்.

பொறாமை என்ற சொல்லை அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் அதற்கு வாய்வு என்று பேர் வைத்தார், இடது விலாவுக்குக் கீழே ஒரு பிடிப்பு, ஓம வாட்டர் குடித்துப் பார்த்தார். பிறகு கவலை என்றார், இந்தப் பிள்ளை இதிலேயே கிடந்து படிப்பைக் கோட்டைவிட்டால் என்ற ஆசிரியர் கவலை. அவள் மார்க் குறையவில்லை. அவருக்கு ஊரில் யார்மேலும் பொறாமை வந்ததில்லை, அதைக் கொஞ்சம் பெருமையாகவே வைத்திருந்தார். கூடப் படித்தவர்கள் அமெரிக்கா போனார்கள், போகட்டும். தன்னைவிட ஜூனியர் ஒருவன் துறைத்தலைவரானான், ஆகட்டும். அப்படிப்பட்டவருக்கு, மகளைவிடச் சின்னப் பிள்ளைமேல். பெண் பிள்ளை என்பதாலா என்று ஒரு நாள் பைக்கில் வரும்போது தன்னைத்தானே கேட்டார், இல்லை என்று உடனே பதில் வந்தது, அவ்வளவு உடனே வந்ததால் சந்தேகமாக இருந்தது. அவள் எழுதிச் சேர்த்தது எல்லாம் பொதுவில் இருக்கிறது, யாரும் படிக்கலாம். வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தார். ஆரம்பத்தில் அவள் செய்த தப்புகளைப் படிக்கும்போது டீ நன்றாக இருந்தது. அப்புறம் ஒரு இடம் வந்தது, நீளமான வாக்கியத்தை எங்கே மூச்சுவிட்டு வாசிப்பது என்று முடிவு செய்கிற பகுதி, பன்னிரண்டே வரி. அதைப் படித்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து மறுபடி படித்தார். மனைவி காந்திமதி அரிசி களைந்துகொண்டே பார்த்தாள். "அதுல என்னதான் இருக்கு, மூஞ்சிய இப்படி வச்சிக்கிட்டுப் பாக்கீய?" "ஒரு பிள்ளை செஞ்ச வேலை." "நல்லாருக்கா?" "இருக்கு." "நல்லா இருந்தா ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" லேப்டாப்பை மூடிவைத்தார். இருபத்தாறு வருஷமாகப் போர்டில் சாக்பீஸால் எழுதி எழுதி அழித்த அத்தனை புரோகிராமிலும் அப்படிப் பன்னிரண்டு வரி இருந்ததா என்று அன்றைக்குத் தூங்காமல் தேடினார். எல்லாம் புத்தகத்தில் இருந்தவை. எல்லாம் சரியாக ஓடுபவை. எதையும் ஒருத்தரும் ஓட்டவில்லை.

"என்ன சார்வாள், சிலை மாதிரி நிக்கீய?" ஆவுடைநாயகம் வாசல் பக்கமிருந்து மெதுவாக நடந்து வந்தார். மெக்கானிக்கல் துறை, இந்த ஹாலுக்கு இன்னொரு காவல். குரலைத் தாழ்த்தினால்தான் அவருக்குப் பேச்சே வரும். "கேள்வி ரொம்பக் கஷ்டமோ? நம்ம பயலுவோ எல்லாவனும் ஃபேனையே பாக்கானுவோ."

"ஃபேன்ல பதில் இருக்கும்னு நினைக்கான்."

"நாலாவது பெஞ்சுக்காரன் அரைமணி நேரமா ரிஜிஸ்டர் நம்பரைத்தான் எழுதுதான். அழகா எழுதுதான் வே. ஒங்க ஸ்டார் மட்டும் தாளைத் தின்னுக்கிட்டு இருக்கு. ஒம்ம பேர காப்பாத்திரும்."

"எம் பேருக்கு என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் வரல. சும்மா சொன்னேன்." ஆவுடைநாயகம் ஒரு நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மறுகோடிக்குப் போனார்.

எம் பேருக்கு என்ன வந்துச்சு என்று ஏன் அப்படி வெடுக்கென்று கேட்டோம். பேர் இல்லை என்பதுதான் வந்தது. அந்த மென்பொருளின் கடைசிப் பக்கத்தில் உழைத்தவர்கள் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன, அவள் பெயர் இருக்கிறது, அதற்குக் கீழே வெற்றிடம், அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்த ஒரு சாயங்காலம்தான் கை அறிவிப்பைச் சொடுக்கியது. கோடை விடுமுறைக்கு மாணவத் தன்னார்வலர்கள் தேவை. அனுபவம் வேண்டாம். ஆர்வம் போதும். அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு, அது அவருக்குப் பிடித்திருந்தது, பிடித்திருந்ததாலேயே எரிச்சலாகவும் இருந்தது: சின்னச் சின்னக் குறைகளைத் தெரிந்தவர்கள் தொட மாட்டார்கள். ஐந்து நிமிஷத்தில் சரிசெய்யக்கூடியதை வருஷக் கணக்கில் அப்படியே விட்டுவைப்பார்கள், புதிதாக வருகிற பிள்ளைகள் கை பழகுவதற்கு. பந்தியில் முதல் இலையைச் சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டு வைப்பதுபோல. அந்த இலையில்தான் அவர் போய் உட்கார்ந்தார். மாணவரா என்று கேட்டிருந்தது. ஆம் என்று அழுத்தினார். பொய் இல்லை. பகுதி நேர ஆராய்ச்சி மாணவராகப் பதிந்து பதினோராவது வருஷம் நடக்கிறது, ஒவ்வொரு வருஷமும் கட்டணம் கட்டுகிறார், சட்டப்படி அவர் மாணவர். எந்த ஆண்டு என்று கேட்ட இடத்தில் முதலாம் ஆண்டு என்று போட்டதுதான் பொய். பதினொன்று என்று போட இடம் இல்லை. அவருக்குக் கிடைத்த வேலை, போன் நம்பர். திண்டுக்கல்லிலிருந்து ஒருவர் புகார் எழுதியிருந்தார்: என் மருமகன் நம்பரை வாசிக்கச் சொன்னால் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு கோடியே என்று அரசாங்க பட்ஜெட் மாதிரி ஆரம்பிக்கிறது, நான் எங்கே டயல் செய்வது. சிரித்துவிட்டார். பத்து இலக்கம் சேர்ந்து வந்தால் ஒவ்வொன்றாக வாசி என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான், இரண்டு வரி. இரண்டு வரியை எழுதி, ஓட்டி, ஒன்பது எட்டு நான்கு என்று அந்தப் பெண் குரல் சமையலறைவரை கேட்கும்படி சொன்னபோது நெஞ்சுக்குள் என்னவோ விம்மியது. காந்திமதிகூட எட்டிப் பார்த்து, யாரு நம்பர் அது என்றாள். அங்கேயே நிறுத்தி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. அந்தக் கோப்பு கோணல்மாணலாக இருந்தது. பத்து வருஷமாகப் பத்துப் பேர் எழுதியது, ஒருவன் வரியை இரண்டு இடைவெளி தள்ளி ஆரம்பித்திருக்கிறான், ஒருவன் நான்கு, ஒருவன் எட்டு, ஒருவன் தோன்றியபடி. ஓடுவதற்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் அவரால் பார்க்க முடியவில்லை. கட்டில் விரிப்பில் சுருக்கம் இருந்தால் நடுச்சாமத்தில் எழுந்து நேராக்குகிற கை அது. உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக நேராக்கினார், எண்ணூறு வரியும், மார்ச்பாஸ்டில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி. இவ்வளவு சுத்தமான கோப்பை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைத்தார். யார் இந்த மாவடு என்று கேட்பார்கள் என்று நினைத்தார். அனுப்பினார்.

அவள் எழுதியது அவருக்கு மனப்பாடம். வணக்கம் தம்பி. முதல் பங்களிப்புக்கு வாழ்த்துகள். எண்களைப் பிரித்து வாசிக்க வைத்த விதம் நன்றாக இருக்கிறது. ஆனால் கோப்பு முழுவதையும் நேர்ப்படுத்திவிட்டீர்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எல்லா வரியும் மாறியதாகக் காட்டுகிறது. இதில் நீங்கள் செய்த இரண்டு வரி எது என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. பழைய கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, உங்கள் மாற்றத்தை மட்டும் போட்டு மறுபடி அனுப்புங்கள். கவலை வேண்டாம், நானும் முதல்முறை இதையேதான் செய்தேன். எங்கள் கல்லூரியில் ஒரு சார் வரி நேராக இல்லை என்றால் மார்க்கைக் குறைத்துவிடுவார். அந்தப் பழக்கம் என்னைவிட்டுப் போக ஒரு செமஸ்டர் ஆனது. சிரிப்பு பொம்மை ஒன்று. அந்தப் பொம்மையோடு முடித்திருந்தாள். எங்கள் கல்லூரியில் ஒரு சார். பேர்கூட இல்லை, ஒரு சார். பேர் போட்டிருந்தால் கோபப்பட்டிருக்கலாம். புகார் சொல்லவில்லை, குறை சொல்லவில்லை, ஊரில் அடிக்கிற வெயிலைச் சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இரண்டு வருஷம் அவளுக்குப் பாடம் எடுத்ததில் அவளிடம் போய்ச் சேர்ந்தது என்ன, அதை உதற ஒரு செமஸ்டர் பிடித்தது. அப்படியானால் அவள் நானாகவே கற்றுக்கொண்டேன் என்று பேப்பரில் சொன்னது பாதி உண்மைதான், அவருக்கு மாறாகக் கற்றுக்கொண்டாள் என்பதுதான் முழு உண்மை. மரியாதைக்கு அதைப் பேப்பர்காரனிடம் சொல்லவில்லை. வெளியே யாரோ மோட்டார் போட்டார்கள், மேல் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் குழாய்க்குள் நடுங்கி வந்தது. அவள் நேற்று அனுப்பிய பதிலில் ஒரு தப்பு இருக்கிறதா என்று மறுபடி தேடினார், காலையிலிருந்து தேடுகிறார். இல்லை. அதுவும் அவர் இருபத்தாறு வருஷத்தில் எழுதத் தெரிந்துகொள்ளாத ஒன்று, ஒருத்தன் செய்த தப்பை அவன் சுருங்கிப்போகாமல் சொல்வது. அவர் சிவப்பு மையில் எழுதுவது மூன்றே சொல்: அலைன்மென்ட், திரும்பச் செய்.

கை தூக்கினாள். அடிஷனல் ஷீட். இடது கை மேலே, வலது கை எழுதிக்கொண்டே இருந்தது, தலை நிமிரவில்லை. சிவசைலத்தின் கையில் தாள் கட்டு இருந்தது. எட்டு அடி. அவர் ஜன்னலைப் பார்த்தார். வேப்பமரத்துக்குக் கீழே காலேஜ் பஸ் டிரைவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள், ஒருவர் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டிருந்தார். மேலே அந்தக் கை அப்படியே நின்றது என்று பார்க்காமலே தெரிந்தது. இதைச் செய்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது, தெரிந்தேதான் நின்றார், உடம்பு மட்டும் ஒரு பக்கம் சூடாக இருந்தது. இதைவிடப் பெரியதையும் செய்யலாம். பதில் போடாமல் இருக்கலாம். நேற்றிலிருந்து மனசு அந்த இடத்துக்குப் போய்ப் போய்த் திரும்புகிறது. அவர்களுடைய பொதுப் பேச்சுப் பக்கத்தில் அவர் படித்திருந்தார், டொரான்டோவிலிருக்கும் துஷ்யந்தன் என்பவர்தான் அங்கே மூத்தவர், அவர் எழுதியிருந்தார்: பிரிசில்லாவுக்கு முதல் ஆள் வந்திருக்கு, எப்படிக் கரைசேர்க்கிறா எண்டு பாப்பம். மற்றவர்கள் வேலையைச் சரிபார்த்துச் சேர்க்கும் பொறுப்பை அவளுக்கு இப்போதுதான் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் பரீட்சார்த்தமாக. போன வருஷம் இப்படிப் பொறுப்பு கொடுத்த ஒரு பையனிடமிருந்து முதல் ஆள் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டான், நீர் இன்னும் கொஞ்ச நாள் எழுதும், ஆக்களைப் பாக்கிறது பிறகு பாப்பம் என்று துஷ்யந்தன் அந்தப் பொறுப்பை அவனிடமிருந்து வாங்கிவிட்டார், அதற்குப் பிறகு அந்தப் பையன் பெயரையே அங்கே காணோம். ஆகவே மாவடு ஓடினால் போதும். ஒன்றும் செய்ய வேண்டாம், ஒரு பொய் சொல்ல வேண்டாம், வாய் திறக்க வேண்டாம். இன்று சாயங்காலத்துக்குள் பதில் வராவிட்டால் அந்த வேலையை வேறு ஆளுக்குத் திருப்பிவிடுவார்கள். முதல் ஆளையே விரட்டிவிட்டாள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அவர்கள் நல்லவர்கள், நினைத்துக்கொள்வார்கள். "சார்," என்றாள். குரலில் அவசரம்கூட இல்லை. ஆவுடைநாயகம் அந்தக் கோடியிலிருந்து திரும்பிப் பார்த்தார். சிவசைலம் எட்டு அடி நடந்து தாளைக் கொடுத்தார். தேங்க்ஸ் சார் என்று நிமிராமலே வாங்கினாள். கோடு போடாத தாளில் அவள் எழுத்து ஏறுமுகமாகப் போயிருந்தது, ஒவ்வொரு வரியும் வலது பக்கம் மேலே தூக்கிக்கொண்டு. அதற்கு மார்க் குறைக்க முடியுமா என்று ஒரு கணம் கணக்குப் பார்த்தார். அந்தக் கணத்தைப் பார்த்துப் பயந்துபோனார்.

பயம் வந்ததும் மனசு நல்லவன் வேஷம் போட ஓடியது. இவளுக்கு நான் கெடுதல் நினைக்கவில்லை, நான் விலகினால் அது என் சௌகரியம், முதலாம் ஆண்டு என்று சொன்ன பொய்யிலிருந்து மரியாதையாக வெளியே வருகிறேன், அவ்வளவுதான். அழகாக இருந்தது. இரண்டு வரிசை நடந்து முடிப்பதற்குள் அது கிழிந்தது. அவள் ஜெயித்தது அவர் தோற்றதால் இல்லை, அவர் தோற்றால் அவள் ஜெயிக்கப்போவதும் இல்லை, இவ்வளவு எளிதான கணக்கு அவருக்குப் புரியாமல் இல்லை, புரிந்தும் விலாவுக்குக் கீழே அது பாட்டுக்குப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒருவேளை அவளைப் பிடிக்காமல் இருந்திருந்தால் லேசாக இருந்திருக்கும். பிடித்திருக்கிறது. அந்தப் பன்னிரண்டு வரியை வேறு யாராவது மட்டமாகப் பேசினால் சண்டைக்குப் போவார். அது தான் எழுதியதாக இல்லை என்பதுதான் வலி. இன்னொன்றும் இருந்தது, அதை அவர் மூன்றாவது வரிசைக்கு வராமல் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டுதான் நினைக்க முடிந்தது. அந்தப் பெண் குரல் ஒன்பது எட்டு நான்கு என்று சொன்னபோது வந்த விம்மல். அது அவளுக்காக வந்தது இல்லை, அவளை மறந்திருந்த ஒரே நேரம் அது. திண்டுக்கல்காரர் மருமகனுக்குப் போன் போட்டுவிடுவார் என்ற நினைப்பு மட்டும் இருந்தது. பதில் போடாமல் இருந்தால் அவளுக்கு எவ்வளவு கெடுதலோ தெரியாது, அந்த விம்மலுக்கு அதுதான் கடைசி. இது தெரிந்த பிறகும் அவருக்குக் கோபம்தான் வந்தது, தன்னுடைய ஒரே சந்தோஷத்துக்கு வாசலில் அவள் நிற்கிறாள், அவளைத் தாண்டித்தான் போக வேண்டும், அதுவும் குனிந்து. மணி அடித்தது. பேனாக்கள் மூடும் சத்தம், பெஞ்சு நகரும் சத்தம், நாலாவது பெஞ்சுக்காரன் ஆவுடைநாயகத்திடம் ஒரு நிமிஷம் கேட்டு, மூணு மணி நேரத்துல வராதது ஒரு நிமிஷத்துல வந்துருமாடே என்று வாங்கிக்கட்டிக்கொள்ளும் சத்தம்.

எல்லோரும் போன பிறகும் அவள் வாசல் பக்கம் பையை மாட்டிக்கொண்டு நின்றாள். சிவசைலம் விடைத்தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு டவுட் கேக்கலாமா? பாடத்துல இல்ல."

"கேளு."

"நான் ஒரு புராஜெக்ட்ல இருக்கேன்ல சார், அதுல புதுசா ஒரு தம்பிக்கு நான்தான் வேலை சரிபாக்கணும். அவன் ஒரு சின்னத் தப்பு பண்ணிட்டான். ராத்திரி எழுதினேன். காலைல வரைக்கும் பதிலே இல்ல. நான் ஜாஸ்தியா சொல்லிட்டேனோன்னு இருக்கு."

தாள்களின் ஓரத்தை மேசையில் தட்டித் தட்டிச் சேர்த்தார். "என்ன தப்பு?"

"பெரிசா ஒண்ணும் இல்ல சார். வேலை நல்லாத்தான் பண்ணியிருக்கான். ஃபர்ஸ்ட் இயர்னு போட்டிருக்கான், ஆனா ஃபர்ஸ்ட் இயர் மாதிரியே இல்ல, அவ்வளவு யோசிச்சு எழுதியிருக்கான். அதான் விட மனசில்ல." பை வாரைப் பிடித்துத் திருகினாள். எது தப்பு என்பதைச் சொல்லாமலே தாண்டிவிட்டாள். சொல்லியிருந்தால் எதிரே நிற்கும் சாரைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவளுக்கு அந்த நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும். "நீங்க இத்தன வருஷம் திருத்துறீங்க சார். நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"நானா இருந்தா ஓடிப்போயிருப்பேன்."

அவள் சிரித்துவிட்டாள். "அவன் இடத்துல இல்ல சார், என் இடத்துல."

அப்போதுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்குக் கேட்டது. காது சுட்டது. அவள் இடத்தில். அந்த இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கத்தான் ஆறு மாசமாக ராத்திரி ராத்திரியாக முயன்றார், இப்போது அவளே கூப்பிட்டு உட்காரச் சொல்கிறாள். விட்டுத்தள்ளு, ஓடினா ஓடட்டும், வேற ஆளைப் பாரு. இதைச் சொல்லலாம். அனுபவஸ்தர் பேச்சு மாதிரியே இருக்கும். அவள் கேட்டுக்கொள்வாள். நாக்குவரை வந்துவிட்டது, அதன் ருசிகூடத் தெரிந்தது.

"இன்னொரு தரம் எழுதாத," என்றார். "துரத்துற மாதிரி இருக்கும். சாயங்காலம் வரைக்கும் பாரு."

"வருவானா சார்?"

"எனக்கு எப்படித் தெரியும்?" அதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டார். அவள் முகம் லேசாகச் சுருங்கியது. பயந்திருக்கிறாள் என்று அப்போது பார்த்தார், நிஜமாகவே, முதல் ஆளை இழக்கிற பயம், அவர் முதல் வருஷம் வகுப்பில் பாதிப் பேர் கடைசிப் பெஞ்சு வழியாக நழுவியபோது போர்டைப் பார்த்தபடி நின்ற பயம். அவளுக்கும் அது இருக்கிறது என்பதில் ஒரு சின்னத் திருப்தி எழுந்தது, அசிங்கமான திருப்தி. அதை அடக்காமலே சொன்னார், "நல்லாப் பண்றவன்னு சொல்றேல்ல. அப்படின்னா வலிச்சிருக்கும். வலி அடங்கினா வருவான்."

"சரி சார். வந்தா சொல்றேன்."

"வேண்டாம். எங்கிட்ட சொல்லணும்னு இல்ல."

படி இறங்கும்போது முழங்கால் வலித்தது. ஆபீசில் போன் வாங்க ஏழெட்டுப் பேர் நின்றார்கள், ஆவுடைநாயகம் யாரிடமோ ரிஜிஸ்டர் நம்பர் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். தன் போனை வாங்கிக்கொண்டு சிவசைலம் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் போய், தகரக் கூரை நிழலில் நின்றார். வேலையைச் சாயங்காலம் வீட்டில் செய்துகொள்ளலாம், பழைய கோப்பை அப்படியே எடுத்து, அந்தக் கோணலை எல்லாம் கோணலாகவே விட்டு, இரண்டு வரி. இப்போதைக்கு ஒரு பதில் போட்டால் போதும். திருத்தி இன்று அனுப்பிவிடுகிறேன் என்று அடித்தார். மொட்டையாக இருந்தது. யாருக்கு என்று இல்லாமல். மேடம் என்று போட்டுப் பார்த்தார், கிண்டல் மாதிரி இருந்தது. தோழி என்று போட்டார், அதைவிட மோசம். பேரைச் சொல்லலாம், பேரைச் சொல்லித்தான் தினமும் அட்டென்டன்ஸ் எடுக்கிறார், சொன்னால் சார் குரல் வந்துவிடும். முதலாம் ஆண்டுப் பையன் மூன்றாம் ஆண்டுப் பெண்ணை இந்தக் காலேஜில் எப்படிக் கூப்பிடுவான் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும், வராந்தாவில் நாள் முழுக்கக் கேட்கிற சத்தம்தான். விரல் எழுத்துக்கு மேலே நின்றது. விலாவுக்குக் கீழே அது குறையவே இல்லை, அப்படியே இருந்தது, இருக்கட்டும் என்று தோன்றியது. சாராக இருந்துகொண்டு இவள்மேல் பொறாமைப்பட எந்த நியாயமும் கிடையாது, ஒளித்து ஒளித்துத்தான் பட வேண்டும். சீனியர்மேல் ஜூனியர் படலாம். அது ஊர் உலகத்தில் உள்ளதுதான், அவளைப்போல எழுத வேண்டும், அவளைவிட நன்றாக எழுத வேண்டும் என்று ஒரு பையன் கிடந்து பொசுங்கலாம், யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். மாடிப்படியில் அவள் தோழிகளோடு இறங்கி வருவது தெரிந்தது, போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவர் தூணுக்கு இந்தப் பக்கம் நகர்ந்துகொண்டார். சரிங்க அக்கா, திருத்தி இன்றைக்கே அனுப்பிவிடுகிறேன், என்று அடித்து, மறுபடி ஒருமுறை படித்துப் பார்க்காமல், அனுப்பினார்.